கம்பியும் காகிதமும்: புத்தகமா, பொம்மையா?

பைண்டர் மகள்:

நம் மன்றத்தின் பொதுப் பேச்சுப் பகுதியில் கலைப்புத்தகம் செய்யும் ரொனால்ட் கிங் பெயர் வந்தது. பிறகு யாரோ கிரிக்கெட்டை இழுத்துவர, மனிதர் காணாமல் போய்விட்டார். அதனால் தனி இழை.

முதலில் ஒரு தெளிவு. கலைப்புத்தகம் என்று நான் சொல்வது கலையைப் பற்றி எழுதிய புத்தகத்தை அல்ல. ஓவியரோ சிற்பியோ புத்தகத்தையே தன் படைப்பாகச் செய்கிறாரே, அதை. அதிலும் கம்பி சேர்ந்த வகை என்றால் எனக்குத் தனிப் பைத்தியம்.

கிங் 1932இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் பிறந்து இங்கிலாந்தில் ஓவியரானவர். 1967இல் சர்க்கிள் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தைத் தொடங்கினார். கைவேலை அதிகம், பிரதிகள் குறைவு. 1990இல் அவர் செய்த 'டர்ன் ஓவர் டார்லிங்' படைப்பில் உருவங்களுக்கு மையே கிடையாது. கம்பியைப் படுத்திருக்கும் பெண் உருவங்களாக வளைத்து, கையால் செய்த தடித்த தாளில் வைத்து அழுத்தியிருக்கிறார். கம்பி போய்விட்டது, தடம் மட்டும் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மேடாக இருக்கும் கோடு, திருப்பினால் பள்ளமாக இருக்கும். மடிப்புகளை மாற்றிப் போட்டால் உருவங்களும் மாறும்.

அடுத்து, 1990களின் தொடக்கத்தில் 'அனான்சி கம்பெனி'. பாட்டு கவிஞர் ராய் ஃபிஷருடையது. கிங் செய்தவை 13 பாவைகள், எல்லாம் கம்பியும் அட்டையும். பக்கத்திலிருந்து கழற்றி எடுத்து ஆட்டலாம், திரும்பப் பொருத்தலாம். அனான்சி, கானாவின் அகான் மக்கள் கதைகளில் வரும் சிலந்தி. மகா தந்திரக்காரன். அடிமைக் கப்பல்களில் போன மக்களோடு கரீபியத் தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தவன்.

சரி, இத்தகைய புத்தகத்தில் எதைப் பார்ப்பது? என் அளவுகோல் ஒன்றுதான். கம்பி அங்கே வேலை செய்கிறதா, சும்மா நிற்கிறதா? அதை உருவி எடுத்த பிறகும் புத்தகம் அப்படியே இருக்குமென்றால் அந்தக் கம்பி வெறும் அலங்காரம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


சந்தேகசிகாமணி:

புத்தகம் என்றால் படிக்க வேண்டும் அம்மா. நீங்கள் சொல்வதில் ஒன்றில் எழுத்தே முக்கியமில்லை, இன்னொன்றில் பொம்மை இருக்கிறது. பொம்மைக்குப் பொம்மை என்றே பெயர் வைக்கலாமே? ஓலைச்சுவடியிலும் துளை உண்டு, கயிறு உண்டு. ஆனால் அவிழ்த்தால் தொல்காப்பியம் படிக்கலாம். இதை அவிழ்த்தால் என்ன வரும்?


லண்டன் தம்பு:

வணக்கம். நான் 'அனான்சி கம்பெனி'யின் பிரதி ஒன்றை இங்கே ஒரு நூலகத்து வாசிப்பறையில் வடிவாகப் பார்த்திருக்கிறேன், கையால் தொட்டும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

சிகாமணி, தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு மேசையிலேயே பதில் கிடைக்கும். ஒரு விரிப்பை, அதாவது எதிரெதிர் இரண்டு பக்கங்களை, திறந்தால் பாவை படுத்திருக்கும். அப்போது அது ஒரு படம், அவ்வளவுதான். பக்கத்திலுள்ள பாட்டை வாசிக்கிறோம். அந்தப் பாத்திரம் எப்படிப்பட்ட ஆள், என்ன பித்தலாட்டம் செய்வான் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு பாவையை வெளியே எடுத்தால் அது படமாக இருக்க மறுக்கிறது. கம்பிக்கு ஒரு துள்ளல் இருக்கிறது, நாங்கள் ஆட்டாமலே கை நடுக்கத்துக்கு அசையும். வாசித்த வரியை அந்த அசைவோடு சேர்த்து இன்னொரு தடவை வாசிக்கத் தோன்றும். நான் வாசித்தேன். இது வாசிப்பில்லாமல் வேறென்ன?

எங்கள் தோல்பாவைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தோல்பாவையில் உருவம் தோலில் இருக்கும், குச்சி பிடிமானத்துக்கு. இங்கே உருவத்தின் கோடும் கம்பி, கைபிடிக்கும் இடமும் கம்பி. எலும்பும் தோலின் ஓரமும் ஒன்றாகிவிட்டது. அட்டை நிறத்தை மட்டும் தருகிறது.

இன்னொன்று, இது என் சொந்தக் கருத்து. கதை சிலந்தியுடையது. அகான் கதையில் வானத்துக் கடவுள் நியாமேயிடம் போய், உலகத்துக் கதைகளையெல்லாம் விலைக்குக் கேட்கிறது அந்தச் சிலந்தி. விலையாக மலைப்பாம்பையும் சிறுத்தையையும் குளவிக் கூட்டத்தையும் பிடித்துக்கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாரையும் நைசாக ஏமாற்றித்தான் பிடித்தது. கதையைக் கட்டி இழுத்துவந்த பூச்சியின் புத்தகத்தைக் கம்பி இழையால் செய்ய வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அங்கேதான் நான் கிங்குக்குக் கும்பிடு போட்டேன். பைண்டர் மகள் கேட்ட கேள்விக்கும் அதுதான் விடை. கம்பியை எடுத்தால் சிலந்தி இல்லை.


பைண்டர் மகள்:

தம்பு அண்ணை, இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. ஒரு சந்தேகம். பாவையைத் திரும்ப வைப்பது சுலபமா? படத்தில் பார்த்தபோது ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.


லண்டன் தம்பு:

பழகினால் சுலபம். ஆனால் நூலகர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கை வராது.


காப்பறை ஆள்:

வேலை காகிதப் பாதுகாப்பு என்பதால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றப் போகிறேன், மன்னிக்கவும்.

கம்பியும் காகிதமும் நண்பர்கள் அல்ல. இரும்புக் கம்பி துருப்பிடித்தால் பழுப்புக் கறையோடு நிற்காது. இரும்பு அந்த இடத்தில் தாளின் இழைகளையே அரிக்கிறது. பழைய கோப்புகளில் குண்டூசி குத்திய இடத்தைச் சுற்றித் தாள் பொடிந்து உதிர்வதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான். செம்பு அழகு, ஆனால் களிம்பு ஏறும். செம்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சை நிறத்தைப் பூசிய பழைய ஏட்டுப் படங்களில், பச்சை இருந்த இடம் மட்டும் ஓட்டையாகிப் போனதுண்டு. ஜி.ஐ. கம்பியில் மேலே துத்தநாகப் பூச்சு இருப்பதால் பரவாயில்லை. ஆனால் குறட்டால் வெட்டிய முனையில் பூச்சு கிடையாது, துரு அங்கேதான் தொடங்கும். கடலோர ஊர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் எனக்கு இந்தப் படைப்புகளைப் பார்க்கும்போது கண் முதலில் போவது தொடும் இடத்துக்கு. கம்பி தாளை எங்கே தொடுகிறது? நேராகத் துளையிட்டுப் போகிறதா, துளைக்குப் பின்னால் தாங்குதாள் ஒட்டியிருக்கிறதா, அல்லது தாளிலேயே சிறு குழல் மடித்து அதற்குள் ஓடுகிறதா? செய்தவர் நல்ல கைக்காரரா என்பது அங்கே தெரிந்துவிடும். அழகு என்று நீங்கள் பேசுவதும் நான் பழுது என்று பார்ப்பதும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.


பைண்டர் மகள்:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அப்பா கடையில் நான் முதலில் கற்றுக்கொண்டதும் இதுதான், பாரம், அதாவது மடித்த தாள் கட்டு, தைக்கும்போது துளை தாளின் மடிப்பில் விழ வேண்டும், மடிப்பை விட்டு விலகினால் கிழியும். நூலுக்கே அந்தக் கவனம் வேண்டுமென்றால் கம்பிக்கு?


குறடு:

கம்பி வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நூல், கம்பி இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். நூலுக்குத் தன் உருவம் கிடையாது. இழுத்தால் நிமிரும், விட்டால் தொய்யும். கம்பி வளைத்தபடி நிற்கும். காகிதம் இதில் நடுவில், மடித்தால் கோடு விழும், ஆனால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். இந்த இழுபறிதான் விளையாட்டு. கம்பி 'நில்' என்கிறது, தாள் 'விரி' என்கிறது. நல்ல படைப்பில் இரண்டில் ஒன்று ஜெயித்துவிடக் கூடாது.

நூலால் செய்ததற்கு ஒரு உதாரணம், அமெரிக்காவின் கீத் ஸ்மித் 1982இல் செய்த 'புத்தகம் 91'. பக்கங்களில் துளைகள், அவற்றின் ஊடாக நூல்கள். எழுத்தும் இல்லை, படமும் இல்லை. பக்கத்தைத் திருப்பும்போது நூல் துளைகளில் உரசி ஓடும் சத்தம் கேட்கும். விளக்கு சாய்வாக விழுந்தால் நூல் நிழலும் துளை வெளிச்சமும் தாளில் கோலம் போடும். அதையே கம்பியால் செய்திருந்தால் ஓடியிருக்காது. அந்த மனிதருக்கு ஓட்டம் வேண்டியிருந்தது, நூலை எடுத்தார். கிங்குக்குத் துள்ளல் வேண்டியிருந்தது, கம்பியை எடுத்தார். இப்படிப் பார்த்தால் பொருளைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதிக் கலை முடிந்துவிடுகிறது.


சந்தேகசிகாமணி:

தம்பு ஐயா சொன்னது கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் விடமாட்டேன். ஜெர்மனியின் ஓவியர் அன்செல்ம் கீஃபர் இருக்கிறாரே, ஈயத்தில் புத்தகம் செய்தவர். 1985 முதல் 1989 வரை செய்த 'இரு நதி நாடு'. இரண்டு பெரிய எஃகு அலமாரிகள், சுமார் 200 ஈயப் புத்தகங்கள், இடையில் கண்ணாடியும் செப்புக்கம்பியும். ஒரு அலமாரிக்கு டைக்ரிஸ் என்றும் இன்னொன்றுக்கு யூப்ரடிஸ் என்றும் பெயர். பார்க்கப் போனவர் ஒரு பக்கத்தைத் திருப்ப முடியுமா? அதையும் புத்தகம் என்றுதான் எழுதுகிறார்கள். எல்லை எங்கே?


பைண்டர் மகள்:

எனக்கு எல்லை அங்கேதான் விழுகிறது. கீஃபரின் படைப்பு பெரிய படைப்பு, சண்டையில்லை. நாகரிகம் பிறந்த இரண்டு ஆறுகளின் பெயரில், தூக்கவே முடியாத ஒரு நூலகம். திருப்ப முடியாமல் இருப்பதுதான் அங்கே சொல்ல வந்த விஷயம். ஆனால் அது புத்தகத்தைப் பற்றிய சிற்பம். நான் பேசுவது புத்தகமாகவே நடந்துகொள்ளும் சிற்பத்தைப் பற்றி. மெக்சிகோவில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த உலிசெஸ் கரியோன் 1975இல், புத்தகம் என்பது அடுத்தடுத்து வரும் இடங்களின் வரிசை என்று எழுதினார். வரிசை இருக்க வேண்டும், அதை என் கை நடத்த வேண்டும். எழுத்து இருப்பதும் இல்லாததும் அதற்குப் பிறகுதான்.

இதே காரணத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே விரிப்பைத் திறந்துவைத்து மேலே விளக்கு போடுவதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். பாதுகாப்புக்குத்தான் என்று தெரியும், காப்பறை ஆள் அடிக்க வராதீர்கள். ஆனால் 13 பாவைகளில் 12ஐப் பார்க்காமலே வீட்டுக்குப் போகிறோம்.


காப்பறை ஆள்:

அடிக்கவில்லை. ஆனால் எல்லாரும் தொட்டால் 5 வருடத்தில் ஒரு பாவையும் மிஞ்சாது. வாசிப்பறையில் கேட்டுப் பார்ப்பதுதான் நடுவழி. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் தேசியக் கலை நூலகம் போன்ற இடங்களில் கலைப்புத்தகங்களைப் பதிவு செய்து மேசையில் வாங்கிப் பார்க்கலாம். பலருக்கு இது தெரியாமல் காட்சிப்பெட்டியோடு திரும்பிவிடுகிறார்கள்.


ஆடிப்பெருக்கு:

புதிதாகச் சேர்ந்தவள். ஒரு கேள்வி, திட்டாதீர்கள். பழைய புத்தகங்களை வெட்டி மரம், வீடு, பறவை செய்து கம்பி வைத்து நிறுத்துகிறார்களே, இங்கிலாந்தின் சூ பிளாக்வெல் செய்வதுபோல. அது இந்த இழையில் சேருமா? எனக்கு அதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்.


சந்தேகசிகாமணி:

புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். கத்திரிக்கோலை எடுத்தவரிடம் எனக்குப் பேச்சில்லை.


பைண்டர் மகள்:

ஆடிப்பெருக்கு, தாராளமாகச் சேரும், திட்டுவதற்கு என்ன இருக்கிறது. பிளாக்வெல்லின் கைநேர்த்தி அபாரம். ஆனால் என் அளவுகோலை வைத்தால் அவற்றில் பலவற்றில் கம்பி முட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். பக்கமும் திரும்பாது. ஒரு கதையின் ஒரு காட்சியை நிறுத்திவைத்த மேடை அது. பார்த்தவுடன் 'அடடா' என்கிறோம். இரண்டாவது தடவை பார்க்க என்ன இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம்.


ஆடிப்பெருக்கு:

இதை ஏற்க மாட்டேன். 2011இல் எடின்பரோவில் நடந்தது தெரியுமா? ஸ்காட்லாந்துக் கவிதை நூலகத்தில் ஒரு நாள் மேசையில் ஒரு சின்னக் காகித மரம் இருந்தது, பழைய புத்தகத்தின் மேல் முளைத்த மாதிரி. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. நூலகங்களுக்கு ஆதரவாக என்று ஒரு குறிப்பு மட்டும். அந்த ஒரு வருடத்துக்குள் நகரத்தின் பல இடங்களில் மொத்தம் 10 சிற்பங்கள் இப்படி வந்தன. செய்தவர் ஒரு பெண் என்பதைத் தவிர பெயர் வெளியே வரவில்லை. பிரிட்டனில் நூலகங்களின் செலவைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வெட்டியது புத்தகத்துக்கு எதிராக இல்லை, புத்தகத்துக்காக. பக்கம் திரும்பவில்லை என்றால் என்ன? அந்த மேசைக்கு வந்தவர்கள் எல்லாரும் இரண்டாவது தடவையும் பார்த்திருப்பார்கள்.


பைண்டர் மகள்:

அங்கே வைத்த இடம் பாதி வேலையைச் செய்கிறது, அதைச் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. அந்த மரத்தை ஒரு கடையின் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் என் கருத்து மாறாது. சிகாமணி சார், ஒன்று சொல்லட்டுமா? எங்கள் கடையில் ஓரம் வெட்டும்போது எத்தனையோ புத்தகத்தின் தாளை அப்பா வெட்டியிருக்கிறார். தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வெட்டுவார்.


சந்தேகசிகாமணி:

அப்பாவுக்கு விதிவிலக்கு உண்டு.


குறடு:

யாரும் கெகோவைப் பேசவில்லையே. முழுப்பெயர் கெர்ட்ரூட் கோல்ட்ஷ்மிட், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1912இல் பிறந்த யூதப் பெண். ஸ்டுட்கார்ட்டில் கட்டடக்கலையும் பொறியியலும் படித்துவிட்டு 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பி வெனிசுவேலா போனவர். 1969இல் கராகஸில் ஒரு அறை முழுக்கக் கம்பி வலை கட்டினார், மக்கள் அதற்குள் நடக்கலாம். ஆனால் இந்த இழைக்கு வேண்டியது 1976இல் தொடங்கிய 'தாளில்லா ஓவியங்கள்' வரிசை. வீணான கம்பித் துண்டு, கிடைத்த இரும்புச் சில்லறை எல்லாவற்றையும் முடிந்து சுவருக்குக் கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டார். சுவர்தான் தாள். கம்பி ஒரு கோடு, அதன் நிழல் இன்னொரு கோடு. விளக்கை நகர்த்தினால் ஓவியம் மாறும்.

இதைச் சொல்வதற்குக் காரணம், கடைசிக் காலத்தில் அவர் திரும்பக் காகிதத்துக்கு வந்தார். பத்திரிகைத் தாள்களைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பாய் முடைவதுபோல முடைந்தார். தாளை விட்டுக் கம்பிக்குப் போன கோடு, கம்பியின் பழக்கத்தோடு தாளுக்கே திரும்பிவிட்டது. அவற்றைப் புத்தகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கம்பி, காகிதம் இரண்டையும் சேர்த்து ரசிக்கக் கண்ணைப் பழக்க இவரைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

அமெரிக்கச் சிற்பி ரூத் அசாவாவும் இதே பாதைதான். அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஓவிய ஆசிரியர் யோசப் ஆல்பர்ஸிடம் காகிதம் மடிக்கக் கற்றார். 1947இல் மெக்சிகோவின் டொலூக்கா போனபோது அங்கே கம்பியில் கூடை பின்னுவதைக் கற்றார். பிறகு வாழ்க்கை முழுக்கக் கம்பி வளையமும் காகித மடிப்பும்.


லண்டன் தம்பு:

நிழல் பற்றிச் சொன்னது முக்கியம். 'டர்ன் ஓவர் டார்லிங்' மாதிரி மை இல்லாத தாளுக்கு விளக்கு தலைக்கு மேலே இருந்தால் ஒன்றும் தெரியாது, வெள்ளைத் தாள்தான். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வர வேண்டும். அப்போதுதான் மேட்டின் ஒரு ஓரம் இருண்டு உருவம் எழும்பும். படம் எடுத்து இணையத்தில் போடுபவர்கள் இதைக் கவனிக்காமல் போட்டுவிட்டு, 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்கிறார்கள்.


ஆடிப்பெருக்கு:

சென்னையில் இப்படி எங்காவது பார்க்க முடியுமா?


பைண்டர் மகள்:

கம்பி சேர்ந்தது என்றால் எனக்குத் தெரிந்து நிலையான இடம் இல்லை. ஆனால் கையால் செய்த புத்தகம் என்றால் திருவான்மியூரில் தாரா புக்ஸ் இருக்கிறது. கையால் செய்த தாளில் ஸ்கிரீன் அச்சு, கையால் தைத்த பைண்டிங். போய் ஒரு மணி நேரம் தொட்டுப் பாருங்கள், தாளின் கனத்துக்கே கை பழகிவிடும். கம்பிக்கு ஜெராக்ஸ் கடை. கிண்டலாகச் சொல்லவில்லை. கல்லூரி புராஜெக்டுக்குப் போடுகிறார்களே ஸ்பைரல், பிளாஸ்டிக் இல்லாமல் கம்பிச் சுருளில் போட்டால் அது கம்பியும் காகிதமும்தான். 360 பாகையும் திரும்பும், தட்டையாகப் படுக்கும், ஆனால் முதுகில் பெயர் எழுத முடியாது. அந்த ஒரு சுருளை மட்டும் வெளியே இழுத்துக் கூடாரமாகவோ வாலாகவோ நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தால் தொடங்கிவிடலாம்.


சந்தேகசிகாமணி:

சரி, தோற்றுப்போனதாக எழுதிக்கொள்ள வேண்டாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேரனோடு ஒன்று செய்து பார்க்கலாமென்று இருக்கிறேன். பறந்து போகும் நாரை, 6 விரிப்பு. வீடு கட்டியபோது மிஞ்சிய கட்டுக்கம்பி ஒரு சுருள் கிடக்கிறது. மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக்கொள்கிறேன். தாள் என்ன வாங்கட்டும்?


காப்பறை ஆள்:

ஐயோ. கட்டுக்கம்பி வேண்டாம், எண்ணெயும் துருவும் முதல் மழைக்காலத்திலேயே தாளில் இறங்கும். மயில்துத்தமும் வேண்டாம், அது செம்புதான், தாளுக்கு ஆகாது. பைண்டர்கள் காலங்காலமாகப் போட்டதால் நல்லதென்று அர்த்தமில்லை.


பைண்டர் மகள்:

அப்பாவுக்கு இதைக் காட்டப் போவதில்லை. சிகாமணி சார், கைவினைக் கடையில் மெல்லிய அலுமினியக் கம்பி கிடைக்கும். பேரன் கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது. தாளுக்கு 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத ஓவியத்தாள். சாதாரண மேப்லித்தோ, அதாவது புத்தகம் அச்சடிக்கும் தாள், என்றால் கம்பியின் கனத்துக்குத் தொங்கிவிடும். நாரையின் கழுத்துக்கு மட்டும் கம்பி போதும், இறக்கைக்குப் போடாதீர்கள், விரிப்பைத் திறக்கும்போது தாளே விரியட்டும்.


குறடு:

இரண்டு முனையையும் சின்ன வளையமாகச் சுருட்டிவிடுங்கள். பேரன் கண்ணில் குத்திக்கொள்ளாமல் இருக்கும்.


சந்தேகசிகாமணி:

அலுமினியம் வாங்கியாயிற்று. கழுத்து எந்தப் பக்கம் மடங்கினால் மூடும்போது தாள் கிழியாது?


பைண்டர் மகள்:

நடுமடிப்புக்கு இணையாக. குறுக்கே வைத்தால் மூடும்போது கம்பியும் சேர்ந்து மடங்கும். தலை உயரம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், மூடினால் வெளியே நீட்டுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.